பி பக்கத்தில் மிச்சமிருந்த நான்கு நிமிடங்கள்

தஸ்நேவிஸ் மச்சாடோவுக்கு அந்த மாதம் மூன்றாவது முறையாகப் பல்வலி வந்தது. அவர் வாயில் சொந்தப் பல் என்று இருந்தவை நான்கே நான்குதான். அதில் எது வலிக்கிறது என்று கேட்டால் நாளுக்கு ஒன்றைக் காட்டினார். போன மாதம் இடுப்பு. அதற்கு முந்தின மாதம் வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை. அந்த வீட்டில் நாயே கிடையாது என்பதைச் சென்னைக்காரர்களுக்குப் போன் போட்டு யார் சொல்லப்போகிறார்கள்?

"ஒரு குல்லாயத் தலையில மாட்டப்போறாவ. அதுக்கு இந்தப் பாடா?" என்றாள் மனைவி பிலோமி, தோசைக்கல்லில் மீனைத் திருப்பிப் போட்டபடி. "தலைய வெட்டவா போறாவ?"

தலையை வெட்டினால்கூடப் பரவாயில்லை, உள்ளே இருப்பதை எடுத்துப் பார்த்துவிடுவார்களே என்பதுதான் மச்சாடோவின் கவலை.

இது 2041-ஆம் வருடக் கதை. மச்சாடோவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. இருபத்து சொச்சம் வயதில், தூத்துக்குடி மாதா கோயில் பாடற்குழுவில் கற்றுக்கொண்ட கிட்டாரை வைத்துக்கொண்டு, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி மூன்று கேசட்டுகள் வெளியிட்டிருந்தார். 'உப்பளச் சாலை', 'மூணாம் நம்பர் கூண்டு', 'நங்கூரம்'. தெற்குச் சீமையில் அந்தக் காலத்தில் காதலித்தவர்கள், காதலித்துத் தோற்றவர்கள், காதலிக்கத் தைரியம் இல்லாதவர்கள் மூன்று சாராருக்கும் அந்த மூன்று கேசட்டுகள்தான் துணை. அவற்றை மறுபதிப்பாகவும், அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்த பாடல்களை ஒரு தொகுப்பாகவும் கொண்டுவர 'மறுஒலி' என்ற சென்னை நிறுவனம் ஒரு வருடமாக மெனக்கெட்டுக்கொண்டிருந்தது. மச்சாடோவும் ஒரு வருடமாக அவர்களிடமிருந்து நழுவிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நழுவ முடியவில்லை. நிறுவனத்தின் ஒலிப் பொறியாளர் தன்ஷிகா நேரிலேயே வந்து வாசலில் நின்றாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். கையில் ஒரு பெட்டி, முகத்தில் ஒரு சிரிப்பு.

"நாய் எப்படி இருக்கு சார்?" என்றாள்.

"செத்துப்போச்சும்மா," என்றார் மச்சாடோ, கண்ணை இமைக்காமல். உள்ளேயிருந்து பிலோமி சிரித்தது வாசல்வரை கேட்டது.

தன்ஷிகா உட்கார்ந்து, மீனும் சாப்பிட்டு முடித்து, விஷயத்துக்கு வந்தாள். "உங்க மாஸ்டர் டேப் மூணும் வெள்ளத்துல போச்சு. ஊர் ஊரா தேடினதுல கிடைச்ச கேசட்டெல்லாம் பூஞ்சை. அதனாலதான் சார் ஜனங்க தலையிலிருந்தே எடுத்தோம். உங்க ரசிகருங்க முந்நூத்திப் பன்னிரண்டு பேரு. பாட்டோட ஆரம்பத்தைப் போட்டுவிட்டா போதும், மிச்சத்தை அவங்க மூளையே பாடும். குல்லா அதை வாங்கிக்கும்."

"ஒருத்தனுக்கு ஒரு மாதிரில்ல ஞாபகம் இருக்கும்?"

"ஒருத்தருக்குத் தாளம் பிசகும், இன்னொருத்தருக்கு வரி பிசகும். முந்நூறு பேரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா பிசகெல்லாம் கழிஞ்சு பாட்டு மட்டும் நிக்கும். உங்க கிட்டார்ல நாலாவது கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கிறதுகூட அப்படியே வந்திருக்கு சார்!"

மச்சாடோவுக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. அடுத்த நிமிடமே அடங்கியது.

"ஒரே ஒரு பாட்டுதான் இடிக்குது," என்றாள் அவள். "'மூணாம் நம்பர் கூண்டு', பி பக்கம், கடைசிப் பாட்டு. 'வச்சிட்டுப் போனத'. நீங்க அப்ப அச்சடிச்ச அட்டையில பி பக்கத்துக்கு அஞ்சு பாட்டுதான் போட்டிருக்கு. ஆனா முந்நூத்திப் பன்னிரண்டு பேர் ஞாபகத்திலயும் ஆறாவதா அது இருக்கு. கேசட்டுல கேட்ட ஞாபகம் எல்லாருக்கும் ஒரே இடத்துல, பாதி வரியில டக்குன்னு நின்னுபோகுது, மிச்சம் மேடையில கேட்டதுதான். தொகுப்புக்குத் தலைப்பே அந்தப் பாட்டுதான். அதனால சட்டப்படி மூலநினைவு வேணும்."

"அப்படின்னா?"

"அந்தப் பாட்டை உண்டாக்கின நேரத்தோட ஞாபகம். உங்க தலையில இருக்கும். நூத்துக்கு எண்பது மார்க் வந்தா பாட்டு உங்களோடதுன்னு பதிவாகிடும். நாப்பதுக்குக் கீழ போனா கற்பனைன்னு தள்ளிடும்."

மச்சாடோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை நிஜமாகவே எங்கோ வலித்தது.

விஷயம் இதுதான். அந்தப் பாட்டை அவர் எழுதவில்லை.

கேசட் காலத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போதெல்லாம் கம்பெனிக் கேசட்டை யாரும் தேடிப் போவதில்லை. ரெக்கார்டிங் சென்டருக்குப் போய் ஒரு வெற்றுக் கேசட்டைக் கொடுத்தால் கேட்டதைப் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். 'மூணாம் நம்பர் கூண்டு' பி பக்கம் இருபத்தாறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் நான்கு நிமிடம் சும்மா ஓடினால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா? "முழுசுக்கும் பதியலையே" என்று சண்டைக்கு வருவார். அதனால் கடைக்காரர்கள் மிச்சத்தில் எதையாவது போட்டு ரொப்புவார்கள். ரொப்பின பாட்டு நாடா தீர்ந்த இடத்தில் அறுந்து நிற்கும். தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில், மாடியில் இருந்த 'மெல்லிசை ரெக்கார்டிங் சென்ட'ரிலும் அப்படித்தான் எதையோ ரொப்பியிருக்கிறார்கள். மச்சாடோவின் கம்பெனி போட்டது மொத்தமே ஐந்நூறு கேசட். ஊரெங்கும் ஓடியதெல்லாம் அந்த மாடிக் கடைக் கேசட்டின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

1992-இல் கோவில்பட்டியில் ஒரு கச்சேரி. முன்வரிசையில் முறுக்கு மீசைக்காரர் ஒருவர் எழுந்து, "அண்ணாச்சி, 'வச்சிட்டுப் போனத' பாடுங்க!" என்றார். கூட்டமே கத்தியது. மச்சாடோவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் மேடையேறிய மனிதன் தெரியாது என்று சொல்வானா? "நீங்களே ஆரம்பிங்க அண்ணாச்சி, எல்லாரும் சேந்து பாடுவோம்" என்று மைக்கைக் கீழே நீட்டினார். மீசைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

*வச்சிட்டுப் போனத வாங்கிட்டுப் போக வரலையே,*
*வாசல்ல நிழலாடுது, வந்தது நீயில்லையே...*

மச்சாடோவுக்குப் புல்லரித்தது. யாருடைய பாட்டோ, ஆனால் இப்படி ஒன்றைத் தான் எழுதியிருக்கக் கூடாதா என்று இருந்தது. இரண்டாவது தடவை கூட்டத்தோடு சேர்ந்து பாடினார். சரணத்தில் 'நாளைக்கு நீ வந்தா' என்ற இடத்தில் கூட்டம் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிட்டது. அதற்குமேல் யாருக்கும் தெரியாது. அந்த வாரமே உட்கார்ந்து மிச்சத்தை அவர் எழுதி முடித்தார். 'நாளைக்கு நீ வந்தா நட்சத்திரம் தூவுவேன், நாலு திசை மேகத்தில் பாய் விரித்துப் போடுவேன்.' அவ்வளவுதான். பாட்டு அவருடையதாகிவிட்டது. அவர் பாடிப் பதிந்த இடத்திலும் அந்த மாடிக் கடையிலும் சளி பிடித்த மைக், அதனால் குரலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பாட்டு பிறந்த கதையை ரசிகர்கள் கேட்பார்களே? அதற்கும் ஒன்று செய்தார். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குக் கிளம்பிய ஒரு தோணி. அதில் ஏறிப் போன ஒரு மாலுமி. டீக்கடை பெஞ்சில் அவன் மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு கறுப்புக் குடை. ஐம்பது வருடத்தில் ஆயிரத்து நானூறு மேடை. ஒவ்வொன்றிலும் அந்தக் குடையை விரித்தார். போகப்போகக் குடைக்கு மூங்கில் பிடி வந்தது, பிடியில் இரண்டு எழுத்து செதுக்கியிருந்தது, டீக்கடைக்காரருக்கு ஒரு கண் பூ விழுந்தது. குடை என்ற சொல் வந்ததுமே பெண்கள் கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள்.

இப்போது குல்லாய் மாட்டினால் குடை போய் மீசை வந்துவிடும். ஊர் காறித் துப்பும். மற்ற முப்பத்தோரு பாட்டையும் இவன்தான் எழுதினானா என்று கேட்பார்கள். அதில் அவர் பொய் சொல்லவேயில்லை என்றாலும் யார் நம்புவார்கள்?

"வாங்க சார்," என்றாள் தன்ஷிகா. "அரை மணி நேரம்தான்."

பிலோமி உள்ளேயிருந்து அவருடைய செருப்பைக் கொண்டுவந்து எதிரில் போட்டாள்.

நிறுவனம் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தது. மணமேடை இருந்த இடத்தில் சாய்வு நாற்காலி. குல்லாய், அழகு நிலையத்தில் தலை காயவைக்கிற சாதனம் போலத்தான் இருந்தது. மச்சாடோ சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காதில் அந்த முதல் வரி கேட்டது. மீசையை நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று நினைத்தார். நினைக்கக் கூடாது என்று நினைத்தால் வேறு எது வரும்? மீசைதான் வந்தது. முடிந்தது கதை என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

குல்லாயைக் கழற்றியபோது தன்ஷிகாவின் கண் கலங்கியிருந்தது.

"தொண்ணூத்தாறு சார்! இத்தனை பேரை எடுத்திருக்கேன், இப்படியொரு ஞாபகத்தைப் பார்த்ததேயில்ல. அந்த மூங்கில் பிடி... அதுல செதுக்கின எழுத்து... டீக்கடைக்காரரோட கண்ணு..."

மச்சாடோ வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "வேற ஒண்ணும் வரலையா?" என்றார் மெதுவாக. "கோவில்பட்டி... மீசை..."

"ஏதோ மங்கலா ஒண்ணு வந்தது. பன்னிரண்டு மார்க். கனவுன்னு தள்ளிடுச்சு."

அன்று மாலை மச்சாடோ தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். பிலோமியிடம் பல்வலி போய்விட்டது என்றார். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினார். மூன்றாம் நாள் சந்தனமாரி வந்தாள்.

எழுபத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, வெளுத்த பருத்திச் சேலை, கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே வரச் சொல்லியும் நிலைப்படியிலேயே நின்றாள்.

"நான் சண்டைக்கு வரல அண்ணாச்சி. முந்நூத்திப் பன்னெண்டு பேருல நானும் ஒருத்தி. குல்லாயக் கழட்டின பொறவு அந்தப் பிள்ளைட்ட, 'இந்தப் பாட்டு நான் எழுதுனது'ன்னேன். திருப்பியும் மாட்டிப் பாத்தா. முப்பத்தொண்ணு மார்க்காம். கற்பனைன்னுட்டா. அதான், உங்ககிட்டயாவது ஒரு தடவ சொல்லிட்டுப் போவம்னு வந்தேன்."

மச்சாடோ எழுந்து நிலைப்படிக்கு வந்தார். "நீங்க...?"

"மெல்லிசைல வேல பாத்தேன். கேசட் அட்டைல பாட்டுப் பேரு, ஆளு பேரெல்லாம் எழுதுத வேல. பாட்ட எழுதி, மெட்டையும் சொல்லிக் குடுத்தது நான். பாடுனது மொதலாளி. அவரும் செத்து முப்பது வருசமாச்சு." அவள் பையின் காதைத் திருகினாள். "ஒருத்தரு பாட்டு லிஸ்டு குடுத்து, கேசட்டையும் குடுத்துட்டுப் போனாரு. வாங்கிட்டுப் போக வரவேயில்ல. தெனம் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுல வந்த பாட்டு."

"இத்தனை வருசமா யாருட்டயும் சொல்லலையா?"

"யாருட்டச் சொல்ல? அந்த மாசமே எனக்கு நிச்சயமாயிட்டு. 'யாருக்காக எழுதுன'ன்னு கேக்க மாட்டாவளா? வீட்டுக்காரரு போய் ரெண்டு வருசம் ஆவுது. இப்பதான் வாய் திறக்கேன்."

மச்சாடோ பொய்க்காரர்தான், ஆனால் பாட்டுக்காரரும்கூட. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "'நாளைக்கு நீ வந்தா'... அதுக்குப் பொறவு என்ன?"

சந்தனமாரி தரையைப் பார்த்துக்கொண்டு பாடினாள்.

*நாளைக்கு நீ வந்தா நான் லீவு போட்டிருப்பேன்,*
*நாலு பேரு நிக்கையில எப்படி நான் பாத்திருப்பேன்?*

அவ்வளவுதான். மச்சாடோவுக்கு நெஞ்சில் யாரோ ஓங்கிக் குத்தியது போல இருந்தது. ஐம்பது வருடமாக அவர் அந்த இடத்தில் நட்சத்திரம் தூவிக்கொண்டிருந்தார், மேகத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் வெட்கத்தில் லீவு போடுவாள் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. இவள்தான் எழுதியிருக்கிறாள். வேறு யாராலும் முடியாது.

"ஒரு விசயம் கேக்கலாமா?" என்றாள் அவள். "அந்த நட்சத்திரம், மேகமெல்லாம் நீங்க போட்டதா?"

"ஆமா."

"ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் அதப் பாடும்போது காதப் பொத்திக்கிடுவேன் அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதிய."

வாழ்நாளில் எந்த விமர்சகரும் அவரை இப்படி அடித்ததில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தவளை ஓர் இயந்திரம் கற்பனை என்று சொல்லி அனுப்பியது பொறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனார்.

"அந்தப் பாட்டை நான் எழுதல," என்றார் தன்ஷிகாவிடம். "குடை பொய். மாலுமி பொய். டீக்கடையே பொய். இவங்கதான் எழுதுனாங்க."

தன்ஷிகா எழுந்து வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு!"

"ஏ பிள்ள, நான் உண்மையச் சொல்லுதேன்!"

"புரியுது சார். வயசான அம்மா ஆசைப்படறாங்க, விட்டுக்கொடுக்கறீங்க. ஆனா தொண்ணூத்தாறு மார்க்கை நான் எப்படி அழிக்கறது? சட்டப்படி அது உங்க பாட்டு."

"நான் ஐம்பது வருசமா பொய் சொன்னேம்மா."

"இல்ல சார். நீங்க இப்பதான் பொய் சொல்றீங்க."

மச்சாடோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் ஊர் துப்பும் என்று பயந்த மனிதர், உண்மையைச் சொல்லியும் எச்சிலுக்கு வழியில்லாமல் தவித்தார்.

"அது எப்படிம்மா?" என்று கேட்டாள் சந்தனமாரி. "நடந்தது எனக்கு. மார்க்கு அவருக்கா?"

தன்ஷிகா யோசித்துத்தான் பதில் சொன்னாள். "அம்மா, ஒரு ஞாபகத்தை ஒவ்வொரு தடவை வெளிய எடுக்கும்போதும் மூளை அதை மறுபடி பதிஞ்சு வைக்குது. எவ்வளவு எடுக்கறோமோ அவ்வளவு அழுத்தமா பதியும். அழுத்தத்தைத்தான் குல்லா அளக்குது. சார் ஆயிரத்து நானூறு தடவை எடுத்திருக்கார். நீங்க யார்கிட்டயும் சொன்னதில்ல. நினைக்கவே பயந்திருக்கீங்க. தேய்ஞ்சுபோச்சு."

"அப்ப வாயாடிக்குத்தான் மார்க்கு," என்றாள் சந்தனமாரி.

மச்சாடோவின் மூளையில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. "மறுபடி பரீட்சை எழுதலாமாம்மா?"

"ஒரு வருஷம் கழிச்சு எழுதலாம். கேசட் மூணையும் இப்பவே வெளியிடுறோம். அந்தத் தொகுப்பு மட்டும் நிக்கும்."

"நிக்கட்டும்," என்றார் மச்சாடோ. "சந்தனமாரி அம்மா, நாளையிலருந்து நீங்க வாயாடி."

அந்த ஒரு வருடத்தை ஊர் லேசில் மறக்காது. முதலில் சந்தனமாரி இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசவில்லை. மச்சாடோ தையல் கடையில் சொல்லச் சொன்னார், சொன்னாள். ரேஷன் வரிசையில் சொல்லச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். மாதா கோயில் திருவிழாவில், காயாமொழி பஸ்ஸில், கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் என்று சொல்லச்சொல்ல, ஒரு கட்டத்தில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை. வாங்க வராத அந்த மனிதரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தழையும். ஐம்பது வருடம் அடக்கிவைத்தவள் பேச ஆரம்பித்தால் எப்படியிருக்கும் என்று அவள் மருமகளைக் கேட்டால் தெரியும்.

மச்சாடோ தன் பங்குக்கு மேடையேறினார். குடையை மடக்கி வைத்துவிட்டு, ரெக்கார்டிங் கடையின் கதையைச் சொன்னார். சந்தனமாரி முன்வரிசையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் கேட்பாள். ரசிகர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு குடைக்கு அழுததைவிட இரண்டு மடங்கு அழுதார்கள். பாட்டை அவளுடைய வரிகளோடு பாடி முடித்ததும், முன்வரிசையைக் கைகாட்டுவார். கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆகும். ஐம்பது வருடத்தில் தனக்கு விழாத கைதட்டல் அது என்பது அவருக்கு உறைத்தது. உறைத்தாலும் சந்தோஷமாகவே இருந்தது.

வருடம் முடிந்தது. அதே மண்டபம், அதே நாற்காலி. முதலில் சந்தனமாரி உட்கார்ந்தாள், பிறகு மச்சாடோ. தன்ஷிகா நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குத் தொண்ணூத்திமூணு," என்றாள். சந்தனமாரி மஞ்சள் பையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மச்சாடோ மேசையைத் தட்டினார்.

"சாருக்குக் குடை நாப்பத்தஞ்சுக்கு இறங்கிடுச்சு. அது சரி. ஆனா..." தன்ஷிகா தயங்கினாள். "சார், நீங்களும் அங்க இருந்ததை ஏன் சொல்லவேயில்ல?"

"எங்க?"

"கடையில. அம்மா எழுதும்போது. மழைக்கு ஒதுங்கி, கிட்டாரோட வாசல்ல நிக்கறீங்க. அவங்க முதல் வரிக்குத் தடுமாறும்போது, 'வச்சிட்டுப் போனத'ன்னு நீங்கதான் எடுத்துக் கொடுக்கறீங்க. உங்க ஞாபகத்துல எண்பத்தெட்டு. அம்மா ஞாபகத்துலயும் அப்படியே இருக்கு. சட்டப்படி ஆளுக்குப் பாதி. தொகுப்புல ரெண்டு பேரையும் போட்டுடலாம்!"

மச்சாடோவுக்குச் சாத்தூர்க் கச்சேரி நினைவு வந்தது. ஐந்தாவது மாதம். வெறும் கதையை வெறுமனே சொல்ல அவருக்கு எப்போது வந்திருக்கிறது? முதலில் கொஞ்சம் மழை பெய்யவைத்தார். அடுத்த ஊரில், மழைக்கு ஒதுங்க யாராவது வேண்டுமே என்று கிட்டாரோடு ஒருவனை வாசலில் நிறுத்தினார். ஓரமாகத்தானே நிற்கிறான், நிற்கட்டும் என்று நினைத்தார். அதற்கடுத்த ஊரில் அவன் வாயைத் திறந்துவிட்டான்.

"ஆமா," என்றாள் சந்தனமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்ல மழ. இவுக நனைஞ்சிட்டு நின்னாக. கேசட்ட வச்சிட்டுப் போனது இவுகதான? நான் மொதல்லயே சொன்னேன்லா?"

அவள் பொய் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளை அவர் முதன்முதலில் பார்த்தது போன வருடம், தன் வீட்டு நிலைப்படியில். இது தெரிந்த ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பாதிப் பாட்டு, அதுவும் முதல் வரி, சட்டப்படி, அவளே சாட்சியாக, அவருடையதாகிவிடும். இந்தத் தடவை யாரும் யாரையும் ஏமாற்றக்கூட வேண்டாம். அந்த நினைப்பு இனிக்கத்தான் செய்தது. இனிக்கவில்லை என்று சொன்னால் அது ஆயிரத்து நானூற்று ஒன்றாவது பொய்.

அதைவிட மோசம், அந்த மழையின் ஈரம் தன் தோளில் லேசாகப் படுவது போல அவருக்கே இருந்தது.

"பேனாவக் குடும்மா!" என்று ஏறக்குறைய கத்தினார். "எனக்குப் பங்கு வேண்டாம், மொத்தமும் அவுகளுக்கேன்னு எழுதித் தாரேன். சீக்கிரம்! இன்னும் ஒரு மாசம் போனா நானே நம்பிருவேன்!"

தன்ஷிகா ஒன்றும் புரியாமல் பேனாவை நீட்டினாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. விழுந்தபின்தான் அவருக்கு மூச்சு வந்தது.

"ஏன் அண்ணாச்சி?" என்றாள் சந்தனமாரி. "நீங்கதான..."

"நான் அங்க வரவேயில்ல தாயி. கதைக்காக நானா போய் நின்னுக்கிட்டேன். அந்தக் கேசட்ட வச்சிட்டுப் போனது வேற ஆளு. நீங்கதான் எனக்குச் சொன்னீய."

அவள் வெகுநேரம் தனக்குள்ளேயே தேடினாள். உதடு அசைந்தது. நெற்றி சுருங்கியது. கடைசியில் பயந்துபோய் அவரைப் பார்த்தாள். "உங்க மூஞ்சிதான் வருது," என்றாள். "அவரு எப்படி இருந்தாரு?"

மச்சாடோ நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக, அவள் தையல் கடையிலும் பஸ்ஸிலும் சொன்னதையெல்லாம் சொன்னார். சுங்க ஆபீசில் குமாஸ்தா. இடது கைப் பழக்கம். சட்டைப் பையில் எப்போதும் மைக்கறை. பேசும்போது ஆளைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார். லிஸ்டில் பத்துப் பாட்டு எழுதி, பதினொன்றாவதை எழுதி அடித்திருந்தார். எதையும் கூட்டாமல், குறைக்காமல் சொல்வது அவருக்கு எத்தனை சிரமம் என்று பிலோமிக்குத்தான் தெரியும். வேர்த்து விறுவிறுத்துப்போனார்.

சந்தனமாரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுருக்கம் மெல்ல இளகியது. "ஆமா... மைக்கறை..." என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "பாக்க நல்லா இருப்பாரா அண்ணாச்சி?"

அதை அவள் எந்தத் தையல் கடையிலும் சொன்னதில்லை.

மச்சாடோ கொஞ்சம் யோசித்தார்.

"என்னவிடக் கொஞ்சம் கம்மிதான்," என்றார்.